தனித்து நிற்றலும் தன்னிலை பிறழாமையும்: இப்சனின் 'மக்கள் விரோதி'யும் அதன் இரு மறுவாக்கங்களும்

தான் மெய்யெனக் கண்டதைப் பற்றி நிற்கும் ஒருவனைச் சூழ்ந்துள்ள சமுதாயம் தன் வழிக்கு இழுக்க முற்படுவதும், அவன் அதற்கு இணங்க மறுப்பதும் நாடக இலக்கியத்துக்குப் புதிய பொருளல்ல. சொபொக்கிளிஸின் 'அன்ரிகனி' முதலாக இம்மோதல் மேடையில் இடம்பெற்று வந்துள்ளது. எனினும், அரச கட்டளை, தெய்வ நியதி ஆகியவற்றின் தளத்திலிருந்து இதனை இறக்கி, நகரசபை, பத்திரிகைக் காரியாலயம், வரி, பங்குப் பத்திரம் ஆகியவற்றின் தளத்தில் வைத்துக் காட்டிய படைப்புகளுள் தலையாயது நோர்வே நாடகாசிரியர் ஹென்றிக் இப்சனின் 'மக்கள் விரோதி' எனலாம். 1882ஆம் ஆண்டு நவம்பரில் நூலாக வெளிவந்து, 1883 ஜனவரியில் கிறிஸ்தியானியா நகரில் முதன்முதலாக மேடையேறிய இந்நாடகம், பின்னர் ஆதர் மில்லரால் 1950இல் அமெரிக்க மேடைக்கும், சத்யஜித் ரேயால் 1989இல் வங்காளத் திரைக்கும் ஏற்ப மறுவாக்கம் செய்யப்பட்டது.

இந்நாடகம் பற்றிய விமர்சனங்கள் பெரும்பாலும் இரு துருவங்களில் நிற்கக் காண்கிறோம். உண்மைக்காகத் தனித்து நின்ற வீரனின் கதையாக இதனைப் போற்றுவோர் ஒருபுறம். மக்களை இகழும் தனிமனிதவாதத்தின் வெளிப்பாடாக இதனை ஒதுக்குவோர் மறுபுறம். முற்போக்கு விமர்சனத்தின் சாய்வு பின்னதன்பாற்பட்டது என்பது வெளிப்படை. இவ்விரு நோக்குகளும் நாடகத்தின் ஒரு கூறினை மட்டுமே கண்டு அமைகின்றன என்பதே எமது கருத்தாகும். புறத்தேயிருந்து வரும் அழுத்தம் பணிந்து போகின்றவர்களை மட்டுமன்றி, அதனை எதிர்த்து நிற்பவனையும் உருத்திரித்து விடுகிறது. தன் விழுமியங்களின்படி வாழ முனைபவன் இழப்புக்கு அஞ்சிப் பணிந்து விடலாம். பணியாது நிற்கும்போதே வெறுப்பினால் தன் விழுமியத்தைத் தானே கைவிட்டும் விடலாம். இவ்விரண்டாவது அபாயத்தை இப்சன் கண்டு காட்டினார். அவரை மறுவாக்கம் செய்த இருவரும், ஒவ்வொருவரும் தத்தம் காலத்தின் தேவை கருதி, அதனை நீக்கி விட்டனர். இந்நீக்கத்தால் பெற்றது யாது, இழந்தது யாது என்பதை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

நாடகத்தின் தோற்றப் பின்னணியை முதலில் நோக்குதல் தகும். 1881 டிசம்பரில் இப்சனின் 'பேய்கள்' வெளிவந்தது. பரம்பரை நோய், திருமணத்தின் பொய்ம்மை ஆகியவற்றை வெளிப்படையாகப் பேசிய அந்நாடகத்தை நோர்வேயின் பழைமைவாதப் பத்திரிகைகள் கண்டித்தமை எதிர்பார்க்கக்கூடியதே. ஆனால், சுதந்திரச் சிந்தனையின் காவலர் எனத் தம்மைக் கூறிக்கொண்ட தாராளவாதப் பத்திரிகைகளும் அவ்வெதிர்ப்பிற் சேர்ந்துகொண்டன. புத்தக வியாபாரிகள் பிரதிகளைப் பதிப்பகத்துக்குத் திருப்பியனுப்பினர். மாற்றாரின் பகைமையைவிட, நண்பரெனக் கருதியோரின் பின்வாங்கலே இப்சனைப் பெரிதும் பாதித்தது. வழக்கமாக இரண்டாண்டுக்கு ஒரு நாடகம் எழுதிவந்த அவர், அடுத்த ஆண்டிலேயே 'மக்கள் விரோதி'யை எழுதி முடித்தார்.

கதைக்கான மூலங்களாக இரு நிகழ்ச்சிகள் சுட்டப்படுவதுண்டு. பொஹீமியாவின் தெப்லிட்ஸ் என்னும் நீராட்டு நகரில், 1830களில், வாந்திபேதி பரவுவதை வெளிப்படுத்திய மெய்ஸ்னர் என்ற மருத்துவரின் வீடு கல்லெறிக்கு உள்ளாயிற்று. கிறிஸ்தியானியாவில் தௌலோ என்னும் மருந்தாளர், ஏழைகளுக்கு உணவளிக்கவென நடத்தப்பட்ட நிறுவனத்தின் குறைகளை வெளியிட முயன்று, 1881இல் பொதுக்கூட்டத்தில் தன் அறிக்கையை வாசிக்க விடாது தடுக்கப்பட்டார். இவ்விரண்டும் இப்சனின் சொந்த அனுபவத்தோடு கலந்தே ஸ்டொக்மன் என்ற பாத்திரம் உருவாயிற்று.

டொக்டர் தோமஸ் ஸ்டொக்மன் கடற்கரை நகரொன்றின் நீராட்டு நிலையத்தில் மருத்துவ அதிகாரியாகப் பணிபுரிபவர். வெளியூர்ப் பயணிகளின் வருகையால் நகரின் செல்வம் பெருகிவருகிறது. முந்திய பருவத்தில் வந்தோரிற் சிலர் நோயுற்றதைக் கண்ட அவர், நீரின் மாதிரிகளைப் பல்கலைக்கழக ஆய்வுகூடத்துக்கு அனுப்புகிறார். மேட்டுநிலத்துத் தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவால் நீர் நஞ்சாகியிருப்பது உறுதியாகிறது. குழாய்களை மாற்றியமைக்கப் பல இலட்சம் குரோனர் செலவாகும். இரண்டு ஆண்டுகளுக்கு நிலையத்தை மூடவேண்டும். அவரது தமையனும் நகரபிதாவுமாகிய பீற்றர் ஸ்டொக்மன் அவ்வறிக்கையை மறைக்க முனைகிறான்.

இங்கு நாம் கவனிக்க வேண்டியது, இணங்கிப்போதல் என்பது எவ்வாறு இயங்குகிறது என இப்சன் காட்டும் முறையாகும். 'மக்கள் தூதன்' பத்திரிகையின் ஆசிரியன் ஹொவ்ஸ்ராட் தொடக்கத்தில் அறிக்கையை வரவேற்கிறான். ஆளுங் குழுவினரைத் தாக்குதற்கு அது வாய்ப்பாகிறது. அச்சக உரிமையாளனும் வீட்டுச் சொந்தக்காரர் சங்கத் தலைவனுமான அஸ்லாக்சன், 'நிதானம்' என்ற சொல்லை ஓயாது உச்சரிப்பவன். அவனும் நகரின் பெரும்பான்மை டொக்டரின் பக்கமே என உறுதி கூறுகிறான். ஆனால், திருத்தச் செலவு நகரமக்களின் வரியிலிருந்தே பெறப்படும் என நகரபிதா பத்திரிகைக் காரியாலயத்துக்கு வந்து சொன்ன மாத்திரத்தில் இருவரும் மாறிவிடுகின்றனர். அங்கே மிரட்டல் எதுவும் நிகழவில்லை. ஒரு கணக்கு மட்டுமே எடுத்துச் சொல்லப்படுகிறது. கருத்தின் பின்னே நலன் நிற்பதை இத்துணைத் தெளிவாகக் காட்டிய காட்சிகள் அக்கால நாடக இலக்கியத்தில் அரியனவாகும்.

ஐந்தாம் அங்கத்தில் இவ்வியக்கம் மேலும் நுணுக்கமாக விளக்கப்படுகிறது. டொக்டரின் குடும்பத்தை வீட்டுக்காரன் வெளியேறச் சொல்கிறான். ஆசிரியையாகிய மகள் பெட்ராவின் வேலை பறிபோகிறது. கூட்டத்துக்குத் தன் வீட்டைத் தந்துதவிய கப்டன் ஹோர்ஸ்டர் கப்பற் பணியை இழக்கிறான். இவர்களைத் தண்டித்தோருள் எவரும் தம் சொந்த விருப்பின் பேரில் அதைச் செய்ததாகக் கூறவில்லை. வீட்டுக்காரன் ஏனையோருக்கு அஞ்சுகிறான். தலைமையாசிரியை தனக்கு வந்த கடிதங்களுக்கு அஞ்சுகிறாள். கப்பற் சொந்தக்காரன் தன் கட்சிக்கு அஞ்சுகிறான். ஒவ்வொருவரும் மற்றவரைக் காரணங் காட்டுகின்றனர். பெரும்பான்மை என்பது ஒரே மனமுடைய திரளாக இங்கு தோன்றவில்லை. ஒருவரையொருவர் அஞ்சுவோரின் கூட்டாகவே தோன்றுகிறது. அவ்வச்சத்தின் கீழ் ஒவ்வொருவரும் தத்தம் சொந்த மதிப்பீட்டை வீட்டில் வைத்துப் பூட்டிவிட்டுத் தெருவுக்கு வருகின்றனர். சமூக அழுத்தத்தின் இயல்பைப் பற்றி இந்நாடகம் தரும் மிக ஆழமான உண்மை இதுவே எனலாம்.

இத்தகைய சூழலில் டொக்டர் பணியாது நிற்கிறார் என்பதில் ஐயமில்லை. அவருக்கு வழங்கப்பட்ட இறுதிச் சோதனை பணத்தைப் பற்றியது. அவர் மனைவியின் வளர்ப்புத் தந்தையும் தோற்சாலை ஒன்றின் உரிமையாளனுமான மோர்ட்டன் கீல், அவளுக்கும் பிள்ளைகளுக்கும் சேரவேண்டிய பணத்தைக் கொண்டு நீராட்டு நிலையத்தின் பங்குகளை மலிவாக வாங்கிவிட்டு வந்து நிற்கிறான். டொக்டர் தம் கூற்றை மீட்டுக்கொண்டால் பங்குகளின் விலை உயரும், குடும்பம் பிழைக்கும். மீட்காவிடின் மனைவி மக்களின் எதிர்காலமே வெறுங்கடதாசியாகும். மூன்று முறை மறுப்பெழுதிய ஒரு சிறு அட்டையே அவர் அனுப்பிய மறுமொழி. தன் விழுமியத்துக்கான விலையைத் தான் மட்டும் செலுத்துவது ஒப்பீட்டளவில் எளிது; தன்னைச் சார்ந்தோரையும் அவ்விலைக்கு உட்படுத்த நேர்வதே கடினமானது என்பதை இப்சன் உணர்ந்திருந்தார்.

ஆனால், இம்மறுப்புக்கு முன்னர், நான்காம் அங்கத்திலே வேறொன்று நிகழ்ந்து விடுகிறது. தன் அறிக்கையை வாசிப்பதற்கென டொக்டர் கூட்டிய கூட்டத்தில் அஸ்லாக்சன் தலைவனாகத் தெரிவு செய்யப்படுகிறான். நகரபிதாவின் பிரேரணைப்படி அறிக்கையை வாசிப்பது தடைசெய்யப்படுகிறது. இவை யாவும் சனநாயக முறையிலேயே, வாக்கெடுப்புடனும் தலைவரின் மணியோசையுடனும் நடைபெறுகின்றன. நீரைப்பற்றிப் பேச முடியாத டொக்டர் மக்களைப்பற்றிப் பேசத் தொடங்குகிறார். செறிந்த பெரும்பான்மையே உண்மையின் தலையாய பகைவன் என்கிறார். உண்மைகளுக்கும் ஆயுள் உண்டு, அது பெரும்பாலும் இருபது ஆண்டைத் தாண்டாது என்கிறார். இதுவரை அவர் கூற்றிற் பொருளுண்டு. பின்னர் அவர், உயர்சாதி நாயையும் தெருநாயையும் ஒப்பிட்டு, மனிதருள்ளும் அத்தகைய பிறப்பு வேறுபாடு உண்டெனப் பேசுகிறார். அத்தகைய ஊர் அழிந்தொழிந்தாலும் கவலையில்லை என்னுமளவுக்குச் சென்றுவிடுகிறார். கூட்டம் அவரை 'மக்கள் விரோதி' எனத் தீர்மானிக்கிறது; எதிர்த்து விழுந்த வாக்கு ஒரு குடிகாரனுடையது மட்டுமே.

இவ்விடத்தில் நாம் சற்றுத் தரித்து நோக்கவேண்டும். டொக்டரின் விழுமியம் யாது? நோயுற்றோரைக் காத்தலும், அதற்கு ஆதாரமாக எவரும் மீளச் சோதித்துப் பார்க்கக்கூடிய ஓர் ஆய்வு முடிவை முன்வைத்தலுமே ஆகும். அவ்வறிக்கையின் வலிமை அதனைக் கூறியவனின் பிறப்பில் இல்லை. அறிவிற் சிறந்தவன் என்ற அவன் தகுதியிலுமில்லை. அஸ்லாக்சன் மாதிரியை அனுப்பினாலும் அதே விடைதான் வந்திருக்கும். ஆயின், நான்காம் அங்கத்தின் டொக்டர், சோதிக்கத்தக்க அறிக்கையை விட்டுவிட்டுச் சோதிக்கமுடியாத குலத் தகுதியைப் பற்றிக்கொள்கிறார். எவரைக் காப்பதற்காகப் புறப்பட்டாரோ அவர்களையே இழிபிறப்பினர் என்கிறார். அவர் பணியவில்லை, ஆனால், பிறழ்ந்துவிட்டார். எதிர்ப்பின் சூட்டில் அவரது விழுமியமே உருமாறி விட்டது.

இப்பிறழ்ச்சியை ஆசிரியரின் சொந்தக் கருத்தாகவே கொண்டு கண்டித்தோர் பலர். இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் இப்சனைப் பற்றி எழுதிய பிளெக்கனோவ், நாடகாசிரியரின் கிளர்ச்சி திட்டவட்டமான அரசியல் உள்ளடக்கம் அற்றது என்றும், அதனாலேயே ஸ்டொக்மன் போன்ற பாத்திரங்கள் பிற்போக்கான கருத்துகளிற் போய் முட்டிக்கொள்கின்றன என்றும் காட்டினார். இது வலுவான விமர்சனம், மறுத்தற்கரியது. எனினும், இதற்கு முன்னரே, 1890 ஜூனில் பவுல் எர்ன்ஸ்ட் என்பவருக்கு எழுதிய கடிதத்தில் ஏங்கல்ஸ் வேறொரு நோக்கினை முன்வைத்திருந்தமை மனங்கொள்ளத்தக்கது. நோர்வேயின் சிறுமுதலாளி பண்ணையடிமைத்தனத்தை அறியாத சுதந்திர விவசாயியின் வழிவந்தவன். ஆகவே இப்சனின் உலகம் சிறிய, நடுத்தர முதலாளிகளின் உலகமேயாயினும், அதில் வாழ்வோர் சுயமாகச் சிந்தித்துச் செயற்படும் ஆளுமை உடையவர்கள் என்பது ஏங்கல்ஸின் கணிப்பு. வர்க்கத்தின் பெயரை ஒட்டிவிட்டுப் பாத்திரத்தை மூடிவிடும் விமர்சனத்துக்கு எதிரான எச்சரிக்கையாகவே அக்கடிதம் அமைந்தது. வர்க்க அடையாளம் ஆய்வின் தொடக்கமேயன்றி முடிவாகாது.

இப்சன் தன் பாத்திரத்தோடு முற்றாக ஒன்றியவரல்லர் என்பதற்கும் சான்றுண்டு. நாடகத்தை அனுப்பியபோது தன் பதிப்பாசிரியருக்கு எழுதிய கடிதத்தில், தானும் டொக்டரும் பல விடயங்களில் ஒத்துப்போவதாகவும், ஆயினும் டொக்டர் தன்னைவிடக் குழப்பமான தலையுடையவர் என்றும் அவர் குறிப்பிட்டார். உணர்ச்சிவசப்படும், தற்பெருமை கொண்ட, தமையனின் உத்தியோகத் தொப்பியை அணிந்து கூத்தாடும் ஒரு மனிதரையே இப்சன் படைத்தார். குற்றமற்ற வீரனைப் படைப்பது அவர் நோக்கமாயிருக்கவில்லை.

ஆதர் மில்லரின் மறுவாக்கம் 1950 டிசம்பர் 28ஆம் திகதி நியூயோர்க்கில் மேடையேறிற்று. அவ்வாண்டு பெப்ரவரியிலேயே செனற்றர் மக்கார்த்தி அரச திணைக்களத்தில் கம்யூனிஸ்டுகள் நிறைந்துள்ளனர் என்ற தன் குற்றச்சாட்டைத் தொடங்கியிருந்தார். முதன்மைப் பாத்திரங்களை ஏற்ற பிரெட்ரிக் மார்ச், புளோரன்ஸ் எல்ட்ரிட்ஜ் தம்பதியினர் தாமும் கம்யூனிஸ்டுகள் எனத் தூற்றப்பட்டு, அதற்காக அவதூறு வழக்குத் தொடுத்தவர்கள். நெருக்கடிக் காலத்தில் அரசியற் சிறுபான்மையினருக்கான சனநாயகப் பாதுகாப்புகளை ஒதுக்கிவிடலாமா என்பதையே நாடகத்தின் மையக் கேள்வியாக மில்லர் கொண்டார். இந்நோக்குக்கு நான்காம் அங்கத்தின் குலப்பெருமை இடையூறாக இருந்தது. ஹிட்லரின் இனக்கொள்கை இழைத்த கொடுமைகள் வெளிப்பட்டு ஐந்தாண்டுகளே கடந்திருந்த நிலையில், அத்தகைய வசனங்களை ஒரு சனநாயக வீரனின் வாயில் வைக்க அவர் விரும்பவில்லை. அவற்றை நீக்கி, தான் நீக்கியதற்கான காரணத்தையும் தன் முன்னுரையில் விளக்கினார். இறுதிக் காட்சியிலே, தனியொருவனின் பெருமிதமாக இருந்த கூற்று, குடும்பத்தை நோக்கிய 'நாம்' என்ற கூற்றாக மாறுகிறது.

மில்லரின் நேர்மையை எவரும் ஐயுறமுடியாது. 1956இல் அமெரிக்க விரோத நடவடிக்கை விசாரணைக் குழுவின் முன்னிலையில் நிறுத்தப்பட்டபோது, பிறர் பெயர்களைக் கூற மறுத்து, அதற்காக 1957இல் குற்றவாளியாகக் காணப்பட்டவர் அவர். 1958இலேயே அத்தீர்ப்பு நீக்கப்பட்டது. தன் நாடகத்தின் பொருளைத் தானே வாழ்ந்து காட்டியவர் என்றுகூடச் சொல்லலாம். ஆயினும், கலைப்படைப்பு என்ற வகையில் அவரது மறுவாக்கம் ஒன்றை இழந்துவிட்டது. அவரது டொக்டர் தொடக்கத்திலிருந்து இறுதிவரை சரியாகவே இருக்கிறார். சூழலே பிழையாக இருக்கிறது. பார்வையாளன் தன்னை டொக்டரோடு எளிதில் இனங்கண்டு, நிறைவோடு வீடு திரும்புகிறான். இப்சனின் டொக்டரோடு அவ்வாறு சுகமாக ஒன்றிவிட முடியாது. அவ்வசௌகரியமே மூலநாடகத்தின் சிந்தனைப் பெறுமதி. நாடகம் 36 காட்சிகளோடு நிறுத்தப்பட்டது. அக்காலத்து அமெரிக்க மேடையின் அச்சத்தை அது ஓரளவு உணர்த்தக்கூடும். எனினும், அதுவே படைப்பின் தரத்துக்குச் சான்றாகாது.

சத்யஜித் ரேயின் 'கணசத்ரு' வேறொரு சூழலில் எழுந்தது. நீராட்டு நிலையம் இங்கு கோயிலாகிறது. வங்காளத்தின் சண்டிப்பூர் என்னும் சிற்றூரில், டொக்டர் அசோக் குப்தா மஞ்சட்காமாலையின் பரவலை ஆராய்ந்து, கோயிலில் வழங்கப்படும் தீர்த்தமே நோயின் ஊற்று எனக் காண்கிறார்; நிலத்தடிக் குழாய்களின் பழுதால் கழிவுநீர் கலந்துவிட்டது. துளசியும் கங்கை நீரும் கலந்த தீர்த்தம் மாசடையவே முடியாது என்பது கோயிலாரின் மறுமொழி. நகரசபைத் தலைவரான தம்பி, 'ஜனபார்த்தா' பத்திரிகையின் ஆசிரியர், கோயிலின் செல்வந்த உரிமையாளர் ஆகியோர் ஒன்றுசேர்கின்றனர். இப்சனின் கூட்டத்தில் வரி செய்த வேலையை ரேயின் கூட்டத்தில் பக்தி செய்கிறது. டொக்டரிடம் அவரது ஆய்வைப் பற்றிய கேள்வி எழவில்லை. அவர் இந்துவா, அக்கோயிலுக்குச் சென்றதுண்டா என்பனவே கேள்விகள். அயோத்திப் பிரச்சினை கொதிநிலையை எய்திக்கொண்டிருந்த ஆண்டுகளில் இப்படம் எடுக்கப்பட்டது என்பதையும், 1992 டிசம்பர் 6ஆம் திகதி பாபர் மசூதி இடிக்கப்பட்டது என்பதையும் சேர்த்து நோக்கும்போது, ரேயின் தெரிவிலிருந்த தொலைநோக்கு புலனாகும். அழுத்தம் புனிதத்தின் உருவில் வரும்போது, அதற்கு இணங்காதவன் பிழை செய்தவன் என்ற நிலையைத் தாண்டித் தீட்டுப்பட்டவனாகவே கருதப்படுகிறான்.

சௌமித்ர சட்டர்ஜி நடித்த அசோக் குப்தா மக்களை வெறுப்பவரல்லர். குலப்பெருமையோ நாய்களின் உவமையோ அவர் வாயில் வரவில்லை. தீர்த்தத்தைக் குடிப்போர் தன் நோயாளிகள் என்ற நினைவு அவரைவிட்டு நீங்கவேயில்லை. இவ்வகையில், இணங்காமையும் மக்கள்மீதான பரிவும் ஒரே நெஞ்சில் இருக்கமுடியும் எனக் காட்டியமை ரேயின் சிறப்பாகும். ஆனால், முடிவுக்கு வரும்போது நாம் உடன்பட இயலவில்லை. பத்திரிகையை விட்டு விலகிய ஓர் எழுத்தாளனும், மகளின் காதலனான நாடகக்குழு இளைஞனும் டொக்டருக்குத் துணைநிற்க முன்வருகின்றனர். வெளியே இளைஞரின் வாழ்த்தொலி கேட்கிறது. தான் தனியன் அல்லன் என டொக்டர் மகிழ்கிறார். இப்சனின் தனிமனித முடிவை ரே கூட்டு முடிவாக மாற்றினார் என முற்போக்காளர் இதனை வரவேற்கலாம். எனினும், அக்கூட்டம் திரையிலே வருவதில்லை. ஒலியாக மட்டுமே வருகிறது. அவ்விளைஞர்கள் எவ்வாறு திரண்டனர், பக்தியால் கட்டுண்ட ஊரில் யார் யாருடைய மனம் எவ்வாறு மாறிற்று என்பவை காட்டப்படவில்லை. 1983இல் இருதய நோயுற்ற பின்னர் மருத்துவரின் கட்டுப்பாட்டுக்கு அமைய அறைகளுக்குள்ளேயே படம்பிடிக்க நேர்ந்தமை இதற்கு ஒரு காரணமாகலாம். ஆயினும், உழைத்துப் பெறாத ஒற்றுமை ஆறுதலாகுமேயன்றித் தீர்வாகாது.

இவ்வாறு நோக்குமிடத்து, மூலநாடகத்தின் முடிவையே நாம் மீளவும் வாசிக்க வேண்டியுள்ளது. தனித்து நிற்பவனே வலியவன் என்ற கருத்தில் அமைந்த இறுதி வசனமே அடிக்கடி மேற்கோளாகிறது. அதற்குச் சற்று முன்னர் நிகழ்வது கவனிக்கப்படுவதில்லை. ஊரைவிட்டு அமெரிக்காவுக்குச் செல்ல எண்ணியிருந்த டொக்டர் அங்கேயே தங்க முடிவு செய்கிறார். ஹோர்ஸ்டரின் வீட்டிலே ஒரு பள்ளியைத் தொடங்கத் தீர்மானிக்கிறார். அதன் மாணவர் யார்? தன் பிள்ளைகளோடு தெருவில் அலையும் ஏழைச் சிறுவர். முந்திய நாள் எவரைத் தெருநாய்களோடு ஒப்பிட்டாரோ அவர்களின் பிள்ளைகளையே தேடிப் பிடித்துவருமாறு கேட்கிறார். உவமையின் அகந்தை இன்னும் முற்றாக நீங்கவில்லை; ஆனால், செயல் அவ்வுவமையை மறுத்துவிடுகிறது. குலத்தால் தகுதி வருமெனில் பள்ளி எதற்கு? பேச்சிலே பிறழ்ந்த மனிதர் செயலிலே தன் விழுமியத்துக்கு மீளுகிறார். இம்மீட்சியே நாடகத்தின் உண்மையான உச்சம் என்பது எமது கருத்து.

அத்தோடு, டொக்டரின் உரத்த குரலுக்குப் பின்னால் இருவர் அமைதியாக நிற்பதையும் காணவேண்டும். மகள் பெட்ரா, 'மக்கள் தூதன்' பத்திரிகைக்காக ஓர் ஆங்கிலக் கதையை மொழிபெயர்க்க ஒப்புக்கொண்டிருந்தாள். நல்லோருக்கு நன்மையும் தீயோருக்குத் தண்டனையும் தப்பாது கிட்டும் என அக்கதை போதிப்பதைக் கண்டு, தான் நம்பாததை மொழிபெயர்க்க முடியாதென்று திருப்பிக் கொடுக்கிறாள். தானும் அதை நம்பவில்லை, ஆனால் வாசகர் விரும்புவதைக் கொடுக்கவேண்டும் என்கிறான் ஆசிரியன். இச்சிறு காட்சியில் எவரும் கல்லெறியவில்லை. மேடையோ கூட்டமோ இல்லை. ஆயினும், டொக்டர் பெருங்கூட்டத்தில் எதிர்கொண்ட அதே கேள்விக்கு, ஓர் இளம்பெண் ஒருவரையும் இகழாமல், ஒரு கையெழுத்துப் பிரதியைத் திருப்பிக் கொடுப்பதன் மூலம் விடையளிக்கிறாள். அவ்வாறே ஹோர்ஸ்டர் அரசியல் பேசுவதில்லை. தன் வீட்டுக் கதவைத் திறந்து விடுகிறான், வேலையை இழக்கிறான், மீண்டும் கதவைத் திறந்து விடுகிறான். விழுமியங்களின்படி வாழ்தல் என்பது பெரும்பாலும் இத்தகைய சிறு மறுப்புகளாலும் சிறு கொடைகளாலும் ஆனது.

இப்சன் பின்னர் வந்தடைந்த நிலையும் இதனோடு ஒத்துச்செல்கிறது. 1885 ஜூனில் துரொண்ட்ஹெய்ம் நகரில் தொழிலாளர் முன்னிலையில் உரையாற்றியபோது, சமூக வாழ்வில் ஓர் உயர்குடித் தன்மை தோன்றவேண்டும் என அவர் கூறினார். அது பிறப்பாலோ செல்வத்தாலோ அறிவாலோ ஆனதன்று; பண்பாலும் உறுதியாலும் ஆனது; அது பெண்களிடமிருந்தும் தொழிலாளரிடமிருந்துமே வரும் என அவர் எதிர்பார்த்தார். ஸ்டொக்மனின் குலவாதத்துக்கு அவரைப் படைத்தவரே அளித்த திருத்தமாக இதனைக் கொள்ளலாம். பிளெக்கனோவின் கண்டனம் நான்காம் அங்கத்துக்குப் பொருந்தும். முழு நாடகத்துக்கும் அதன் ஆசிரியருக்கும் அது அப்படியே பொருந்தாது.

பார்வையாளரும் இந்நாடகத்தைத் தம் தேவைக்கேற்பத் திருத்திக்கொண்டனர் என்பதற்கு வரலாற்றுச் சான்றுண்டு. 1901 மார்ச்சில் சென் பீற்றர்ஸ்பேர்க்கின் கசான் சதுக்கத்தில் மாணவர் ஆர்ப்பாட்டம் வன்முறையால் அடக்கப்பட்ட அன்று மாலை, மொஸ்கோ கலையரங்கின் தயாரிப்பில் ஸ்ரனிஸ்லாவ்ஸ்கி ஸ்டொக்மனாக நடித்தார். விடுதலைக்காகவும் உண்மைக்காகவும் போராடப் போகும்போது புதுக் காற்சட்டை அணிந்து செல்லலாகாது என டொக்டர் கிழிந்த காற்சட்டையைப் பார்த்துக் கூறும் வேடிக்கைப் பேச்சைக் கேட்டு அரங்கம் எழுந்து ஆரவாரித்ததை அவர் தம் சுயசரிதையிற் பதிவு செய்துள்ளார். பெரும்பான்மையைச் சாடும் நாடகத்தை ஒரு பெருங்கூட்டமே தன்னுடையதாக ஆக்கிக்கொண்டது. தனியொருவனின் எதிர்ப்பு மக்களுக்கு அந்நியமானதல்ல என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

இத்தலைப்புச் சொல்லின் பின்வரலாறு முற்போக்காளராகிய எம்மைச் சிந்திக்க வைக்க வேண்டும். 'மக்கள் விரோதி' என்ற சொற்றொடர் 1930களில் சோவியத் நாட்டில் பல்லாயிரவரின் உயிரைக் குடித்த குற்றப்பெயராயிற்று. 1956 பெப்ரவரியில், இருபதாம் கட்சிக் காங்கிரசில், குருஷேவ் அச்சொல்லின் பயன்பாட்டைக் கண்டித்தார்: அப்பெயரைச் சூட்டியதும் ஆதாரத்தை ஆராயும் தேவையே இல்லாது போயிற்று என்பது அவர் கூற்றின் சாரம். அஸ்லாக்சனின் கூட்டத்திலும் நிகழ்ந்தது அதுவே. பெயர் சூட்டப்பட்டது, அறிக்கை வாசிக்கப்படவில்லை.

எமது சொந்தச் சமுதாயத்துக்கும் இது புறம்பான செய்தியன்று. ரேயின் திரைப்படம் வெளிவந்த அதே 1989ஆம் ஆண்டில், செப்டெம்பர் 21ஆம் திகதி, யாழ்ப்பாணப் பல்கலைக்கழக உடற்கூற்றியல் துறைத் தலைவரும், 'முறிந்த பனை' நூலின் நான்கு ஆசிரியர்களுள் ஒருவருமான டொக்டர் ரஜனி திராணகம யாழ்ப்பாணத்திற் சுட்டுக்கொல்லப்பட்டார். அவரும் ஒரு மருத்துவர். அவர் செய்ததும் ஒரு பதிவை முன்வைத்ததே. ஆயுதமேந்திய எல்லாத் தரப்பினரதும் செயல்களை அப்பதிவு ஆராய்ந்தது. 'துரோகி' என்ற சொல் தாராளமாக வழங்கப்பட்ட அக்காலத்தில், தன் மக்களை இகழாமலும், அவர்களை விட்டு விலகாமலும், பெண்களின் துயரை அவர்களுள் ஒருவராக நின்று எழுதியவர் அவர். நாடகத்தின் டொக்டர் நான்காம் அங்கத்தில் தவறவிட்டதை அவர் தவறவிடவில்லை. இவ்வொப்பீடு ஒரு நாடகத்தைச் சிறுமைப்படுத்துவதற்கன்று. நாடகம் எழுப்பிய கேள்வி கற்பனையானதல்ல என்பதைக் காட்டுதற்கே.

ஆகவே, தனிமனிதவாதம் என்ற விமர்சனச் சொல்லை நாம் கையாளும்போது சில வேறுபாடுகளைப் பேணுதல் இன்றியமையாதது. ஒருவன் தனித்து நிற்கிறான் என்பதால் அவன் தனிமனிதவாதி ஆகிவிடுவதில்லை. பலர் கூடி நிற்கின்றனர் என்பதால் அது மக்கள் சார்பான நிலைப்பாடு ஆகிவிடுவதுமில்லை. நாம் கேட்கவேண்டிய கேள்விகள் இரண்டு. அவன் பற்றி நிற்பது பிறரும் சோதித்தறியக்கூடிய ஒன்றா, அன்றித் தன் மேன்மை பற்றிய நம்பிக்கை மட்டுமா? தன்னை ஒதுக்கியோரின் பிள்ளைகளுக்கும் அதனைக் கையளிக்க அவன் ஆயத்தமாக உள்ளானா? இவ்விரு கேள்விகளுக்கும் ஆம் என விடையிறுப்பவனை, வாக்கெடுப்பில் எத்தனை கைகள் உயர்ந்தாலும், மக்களின் விரோதி எனக் கூறுதல் பொருந்தாது.

மில்லர் தம் வீரனைத் தூய்மைப்படுத்தினார்; ரே அவனுக்குத் துணை தேடிக்கொடுத்தார். இரண்டும் தத்தம் காலத்துக்கு வேண்டியிருந்தன. ஆனால், குறையுடைய மனிதன் ஒருவன், அழுத்தத்தால் பிறழ்ந்து, தன் பிறழ்ச்சியைத் தாண்டிச் செயலால் மீள முனைவதை இப்சன் மட்டுமே காட்டினார். விழுமியத்தைக் காத்தல் ஒருமுறை உரத்துச் சொல்லி முடித்துவிடும் காரியமன்று. எதிர்ப்பவரிடமிருந்து மட்டுமன்றி, எதிர்ப்பினால் தன்னுள் விளையும் கசப்பிடமிருந்தும் அதனை நாள்தோறும் மீட்டெடுக்க வேண்டியுள்ளது. இவ்வுண்மையைக் குறைகளோடு கூறும் மூலநாடகமே, குறைநீக்கப்பட்ட அதன் வழிநூல்களைவிட எமக்கு அதிகம் பயன்படுவதாகும்.